திருவிழா யாருக்குரியது?

கோணேசப் பெருமானின் திருவருள் நிறைந்த திருகோணமலைப் பிரதேசத்திலே சிறிதும் பெரிதுமாக எத்தனையோ ஆலயங்கள் உள்ளன. வயலோரத்திலே, குளக்கட்டிலே, மலையடிவாரத்திலே, கடற்கரையிலே என்று ஊர்தோறும் கோயில். ஒவ்வொரு கோயிலிலும் ஆண்டுக்கொருமுறை திருவிழா வருகின்றது. கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்னரே விஞ்ஞாபனம் எழுதத் தொடங்கிவிடுவார்கள். முதலாம் திருவிழா இன்னார் குடும்பம், இரண்டாம் திருவிழா இன்னார் குடும்பம், வேட்டைத் திருவிழா இன்ன பகுதியார், தேர் இன்ன சங்கத்தார், தீர்த்தம் இன்னார் என்று நாளும் பெயரும் நிரலாக எழுதப்படும். அச்சகத்துக்குப் போகுமுன் அந்தத் தாள் நாலு கை மாறும். ஒரு பெயர் மேலே போனதற்கும் இன்னொரு பெயர் கீழே வந்ததற்கும் ஏற்படுகின்ற மனத்தாங்கல், சில ஊர்களிலே பூங்காவனமும் வைரவர் மடையும் முடிந்த பின்னரும் தீர்வதில்லை.

"ஐந்தாம் திருவிழா எங்களுடையது" என்று ஒரு குடும்பத்தார் சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் கொள்ளலாம். ஐந்தாம் நாளின் செலவும் வேலையும் எங்கள் தலைமேல் உள்ளன என்பது ஒரு பொருள். ஐந்தாம் நாளின் காளாஞ்சியும் முன்வரிசையும் எங்களைச் சேர்ந்தவை என்பது மற்றப் பொருள். முன்னது கடன், பின்னது உரிமை. தமிழிலே 'முறை' என்ற ஒரே சொல் இரண்டையும் சுமக்கின்றது. நம் முறை வந்தது என்றால் வேலை வந்தது என்றும் கொள்ளலாம், பெருமை வந்தது என்றும் கொள்ளலாம். நீதி என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. இவற்றுள் எது முதலில் வந்தது, எது எதற்காக வந்தது என்று சிந்திப்பதற்குத் திருவிழாக்களின் பழைய வரலாற்றையே பார்க்கவேண்டும். அதிலும் கோணேசர் கோயிலின் வரலாற்றைப்போல இதனை விளக்கவல்லது வேறொன்று இந்நாட்டில் இல்லை எனலாம்.

தமிழருடைய விழாக்களுள் நூல்களிலே விரிவாகச் சொல்லப்பட்ட பழைய விழா காவிரிப்பூம்பட்டினத்து இந்திர விழா. இருபத்தெட்டு நாள் நடந்த விழா அது. சிலப்பதிகாரம் அதன் சிறப்பைப் பேசுகின்றது. மணிமேகலையோ அந்த விழா நின்றுபோனதால் நேர்ந்ததைச் சொல்கின்றது. சோழ மன்னன் தன் குழந்தையைக் காணாமல் தேடித் திரிந்த துயரத்திலே விழா எடுக்க மறந்தான். அதன் பயனாகக் கடல் பொங்கிப் பட்டினத்தைக் கொண்டது என்பது அக்காப்பியம் தரும் செய்தி. இதனைக் கதையென்று தள்ளிவிடலாம். ஆனால் அந்தக் கதையைச் சொன்ன காலத்தவர் விழாவை என்னவென்று எண்ணினார்கள் என்பது அதிலே தெளிவாக இருக்கின்றது. விழா மன்னனுக்குக் கிடைத்த மரியாதை அன்று. மன்னன் ஊருக்குச் செலுத்தவேண்டிய கடன். அவன் சொந்தத் துயரம்கூட அதற்கு விலக்காகவில்லை. கடல் கொண்டதும் அவனுடைய அரண்மனையை மட்டுமன்று. 2004ஆம் ஆண்டு மார்கழியிலே கடல் எழுந்ததைக் கண்ட கரையோரத்து மக்களுக்கு இந்தச் செய்தியின் கனத்தை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

ஏழாம் நூற்றாண்டிலே வாழ்ந்த திருஞானசம்பந்தப் பெருமான் மயிலாப்பூரிலே பாடிய பூம்பாவைப் பதிகம் இதற்கு அடுத்த நிலையைக் காட்டுகின்றது. பாம்பு தீண்டி இறந்த சிவநேசச் செட்டியாரின் மகளை எழுப்புவதற்காகப் பாடப்பட்டது அப்பதிகம் என்பது வரலாறு. இறந்த பெண்ணை நோக்கிப் பெருமான் கேட்டது என்ன? ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்தரம் என்று விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றையெல்லாம் காணாமல் போகலாமா என்று கேட்கின்றார். அந்தப் பெண் உபயகாரியல்லள்; அவள் பெயரிலே ஒரு நாளும் இல்லை. காண்பதற்கு அவளுக்கிருந்த உரித்தே அங்கே பேசப்படுகின்றது. திருவிழாவிலே முதலாவது உரிமை காண்பவர்களுடைய உரிமை என்று இப்பதிகத்தைக் கொண்டு சொன்னால் அது மிகையாகாது. கடலாட்டு விழா அன்றே இருந்திருக்கின்றது என்பதும் கவனிக்கத்தக்கது. ஆடி அமாவாசையிலே திருகோணமலைத் தீர்த்தக் கடற்கரையில் கூடுகின்ற மக்கள் மிகப் பழைய ஒரு வழக்கத்தின் உறவினர்களாவர்.

ஆகமங்களின்படி நடக்கும் மகோற்சவத்துக்குச் சைவ அறிஞர் கூறும் விளக்கமும் பலரும் அறிந்ததே. கொடியேற்றம் படைத்தலையும், வாகனத் திருவிழாக்கள் காத்தலையும், தேர் அழித்தலையும், மௌனோற்சவம் மறைத்தலையும், தீர்த்தம் அருளலையும் குறிக்கும் என்பர். இந்த ஐந்தொழிலிலே உபயகாரர் செய்வது ஒன்றுமில்லை. ஐந்தும் இறைவன் செய்பவை. அடியார் பக்கத்தில் இருப்பது எண்ணெய் கொடுப்பதும், பூக் கட்டுவதும், வடம் பிடிப்பதும், நின்று கும்பிடுவதுமேயாகும். இவ்வளவு தெளிவாக இருந்தும் மனிதரின் பெயர் எப்படி நாளோடு ஒட்டிக்கொண்டது என்பதற்குக் கோணேசர் கோயிலின் பழைய ஏற்பாடுகள் விடை தருகின்றன.

கோயில் நடப்பதற்கு நிலம் வேண்டும். நிலாவெளியிலே கிடைத்த சோழர் காலக் கல்வெட்டொன்று, கோணபர்வதத்திலே எழுந்தருளிய மச்சகேசுவரமுடைய மகாதேவருக்கு இருநூற்றைம்பது வேலி நிலம் கொடுக்கப்பட்டதைக் குறிக்கின்றது. நிலமிருந்தால் மட்டும் போதாது. அதிலே விளைந்த நெல்லைக் கோயிலுக்குக் கொண்டுவந்து குற்றிச் சமைத்து நிவேதனமாக்கும் கைகள் வேண்டும். அந்தக் கைகளைப் பற்றிய ஏற்பாடே கவிராஜ வரோதயர் இயற்றிய கோணேசர் கல்வெட்டின் பெரும்பகுதி. பெயர் கல்வெட்டு என்றிருந்தாலும் அது கல்லிலே வெட்டப்பட்டதன்று. ஏட்டிலே எழுதப்பட்ட நூல். கச்சேரியிலே கோப்பு எழுதிப் பழகியவர்கள் அதனைப் படித்தால் இதுவும் ஒரு கடமைப் பதிவேடுதான் என்று புன்னகை செய்வார்கள், அவ்வளவு விவரம்.

குளக்கோட்டு மகாராசா திருக்கோயிலைத் திருப்பணி செய்து, கோயில் வயல்களுக்கு நீர் பாயக் கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்து, கோயிற் பணிகளுக்கென்று குடிகளை வரவழைத்துக் குடியிருத்தினான் என்பது அந்நூல் கூறும் மரபு. தானத்தார் என்றும் வரிப்பத்தார் என்றும் இரு பிரிவாகப் பணிகள் பகிரப்பட்டன. பண்டாரத்தைக் காப்பது, பூ எடுப்பது, மாலை கட்டுவது, விளக்கேற்றுவது, நெல்லுக் குற்றுவது, மெழுகுவது, குடையும் கொடியும் பிடிப்பது என்று இன்ன வேலை இன்னாருக்கு என்று விதிக்கப்பட்டது. இவற்றுக்கு அந்நாளில் வழங்கிய பெயர் தொழும்பு என்பதாகும். தொழும்பு என்றால் அடிமைத் தொண்டு. இன்று மேடையிலே பொன்னாடை போர்த்துக் கௌரவிக்கப்படும் பல முறைகளின் ஆதிப் பெயர் தொழும்பு என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

அந்நூலிலே இன்னொரு செய்தி உண்டு. தானத்தாருக்கும் வரிப்பத்தாருக்கும் இடையே பிணக்கு வந்தால் நடுநின்று நீதி செலுத்துவதற்கென்று மதுரையிலிருந்து ஒருவனை அழைத்து வன்னிபமாக வைத்தான் மன்னன் என்கின்றது அது. பணியைப் பகிர்ந்த அன்றே பிணக்கு வரும் என்று மன்னன் அறிந்திருந்தான் போலும். கோயிற் சச்சரவு இக்காலத்துக்குரிய கேடு என்று பெருமூச்செறிபவர்கள் சற்று ஆறுதல் அடையலாம். நடுநிற்க வந்தவனுடைய பெயர் தனியுண்ணாப் பூபாலன். தனியே இருந்து உண்ணாதவன் என்ற பொருளிலே அமைந்த அந்தப் பெயர், முறை பற்றி வழக்குத் தீர்க்கவேண்டியவனுக்கு எவ்வளவு பொருத்தமாக வாய்த்திருக்கின்றது!

காலம் செல்லச் செல்லத் தொழும்பு மரியாதையாயிற்று. வேலை செய்பவருக்கு முதலில் விபூதி கொடுப்பது நியாயமே. பிறகு விபூதி முதலில் வாங்குபவர் பெரியவர் என்றாயிற்று. அதன்பின் பெரியவருக்கே அந்த வேலை உரியது என்றாயிற்று. முடிவில் வேலையைக் கூலிக்கு ஒருவர் செய்ய, விபூதியை மட்டும் பெரியவர் வாங்கலானார். மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களிலே குடிமுறைப்படி மரியாதை கொடுக்கும் வழக்கமும், யாழ்ப்பாணத்திலே உபயமுறையும், இந்தியாவிலே பரிவட்டமும் முதல் தீர்த்தமும் பற்றிய போட்டிகளும் இந்த ஒரே பாதையிலே நடந்து வந்தவையேயாகும்.

இந்த நிலையில் கோணேசர் கோயிலுக்கு வந்தது பேரிடி. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா என்பவனால் 1620களின் முற்பகுதியிலே கோயில் இடிக்கப்பட்டது. 1622 என்றும் 1624 என்றும் நூல்கள் மாறுபட எழுதியுள்ளன. சித்திரைப் புத்தாண்டு நாளிலே சுவாமி நகருக்குள் எழுந்தருளி, மக்கள் யாவரும் சுவாமியோடு சென்றிருந்த வேளையில், பகைவர் பிராமணர் வேடம் பூண்டு மலைமேல் ஏறிக் கோயிலைக் கைப்பற்றினர் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றது. கீழைத்தேசத்துச் சைவர்களுக்கு இத்தலம் உரோமாபுரி போன்றது என்ற கருத்துப்பட, போர்த்துக்கேயப் பாதிரியாரான குவைரோஸ் தம் நூலில் எழுதியிருக்கின்றார். அத்தகைய கோயிலின் கற்கள் கோட்டைச் சுவராயின. அந்தக் கோட்டைதான் ஒல்லாந்தர் கையிலிருந்து 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறி, 1803ஆம் ஆண்டுமுதல் பிரெட்ரிக் கோட்டை என்று வழங்குகின்றது. அதன் வாயிலிலே இரட்டை மீன் பொறித்த கல் இன்றும் இருக்கின்றது.

பழைய கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பகைவரின் வஞ்சனையை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார்கள். சுவாமி அன்று வெளியே எழுந்தருளியிருந்தார் என்ற செய்தியை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. கோயிலுக்குள் வர இயலாத நோயாளி, முதியோர், உள்ளே விடப்படாதோர், வேற்றூரிலிருந்து வந்து வழியில் நிற்போர் ஆகிய எல்லோரும் காணட்டும் என்றுதானே சுவாமி வீதிக்கு வருகின்றார். எடுத்துச் செல்லத்தக்க திருமேனி என்பதே திருவிழாவுக்காக ஏற்பட்டது. கருவறை மூலவர் அசையாதவர். எழுந்தருளி விக்கிரகம் அசைவது. வீதிக்கு எடுத்துச் செல்லும் திருமேனிகளாக இருந்தபடியால்தான் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடவும், மறைக்கவும், புதைக்கவும் முடிந்தது. மலைமேலிருந்த கற்கோயில் போயிற்று. தோளிலே சுமக்கக்கூடியது தப்பிற்று.

அப்படித் தப்பிய திருமேனிகள் காட்டிலும் மலையிலும் மறைத்து வைக்கப்பட்டுப் பின்னர் தம்பலகாமத்தை அடைந்தன என்றும், கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கன் காலத்திலே அங்கே ஆதிகோணநாயகர் கோயில் எழுந்தது என்றும் மரபு கூறும். திருகோணமலை, தம்பலகாமம், கொட்டியாரம், கட்டுக்குளம் என்ற நாலு பற்று மக்களும் தத்தம் தொழும்பை அங்கே தொடர்ந்தார்கள். மலையிலே செய்த பணியை வயல் நடுவிலே செய்தார்கள். இடம் மாறிற்று, பணி மாறவில்லை. கற்கோயிலின் சிறப்பும் அரசனின் ஆதரவும் நிறைந்திருந்த நாளிலே எவரும் மாலை கட்ட முன்வருவார்கள். எல்லாம் இழந்து நின்றபோது, காட்டுப்பாதையிலே நெல்லைச் சுமந்துகொண்டு போனவர்களுக்கு எந்த முன்வரிசை இருந்தது?

மலையுச்சியிலும் வழிபாடு அறவே நின்றுவிடவில்லை. 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த சேர் எமர்சன் தெனன்ற், 1859இல் வெளியிட்ட தமது நூலிலே சுவாமிமலை வழிபாட்டை எழுதிவைத்திருக்கின்றார். பொழுது சாயும் நேரத்திலே மக்கள் பாறையின் விளிம்புக்கு வந்து கூடுவதையும், பூசகர் காணிக்கைப் பொருட்களை ஆழ்கடலிலே இட்டுத் தீபம் காட்டி வழிபடுவதையும் அவர் விவரிக்கின்றார். அந்தப் பூசகர் பழைமையான தமிழ்க் குடும்பமொன்றிலே பரம்பரையாக வந்தவர் என்பதும் அவர் தரும் குறிப்பு. கோயில் இடிந்து இருநூறு ஆண்டுக்கு மேலாகிவிட்டது. சுற்றிலும் வெள்ளையரின் கோட்டை. கொடிமரம் இல்லை, தேர் இல்லை, மண்டபம் இல்லை. அப்படியிருந்தும் ஒரு குடும்பத்தார் தமது முறை என்று சொல்லி அந்தப் பாறைக்கு வந்துகொண்டிருந்திருக்கின்றார்கள்.

இவ்விடத்திலே ஒரு நியாயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். பரம்பரை உரிமை கேடு, அதனை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் பேசுகின்றார்கள். அப்படிப் பேசுபவர்கள் இந்தப் பாறையை நினைக்கவேண்டும். எல்லோருக்கும் பொதுவான வேலையென்று விடப்பட்டிருந்தால் அந்தத் தீபம் எப்போதோ அணைந்திருக்கும். இது என் தகப்பன் செய்தது, என் பாட்டன் செய்தது, நான் விட்டால் என்னோடு போய்விடும் என்ற எண்ணமே அதனைக் காத்தது. கிராமக் கோயில்களிலும் அப்படித்தான். ஆண்டு முழுவதும் விளக்கு வைக்க ஆளில்லாத கோயில்களிலே, ஒரு வீட்டார் மட்டும் தமது முறையென்று எண்ணெய் கொண்டுபோய் ஊற்றி வந்ததால் கதவு பூட்டப்படாமல் இருந்ததுண்டு. ஊர்கூடித்தான் தேர் இழுக்கவேண்டும். ஆனால் ஊர் கூடுவதற்கு முன்னால் அச்சுக்கு மசகு போட ஒருவர் வேண்டுமல்லவா?

ஆகவே உரிமை என்பது வேண்டாத பொருளன்று. அது கடனைக் காப்பதற்கு வந்த வேலி. வேலி பயிருக்காகவே போடப்படுகின்றது. பயிர் இல்லாத நிலத்தைச் சுற்றி வேலியை மட்டும் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டிருப்பதைத்தான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கடனைச் செய்யாதவர் உரிமையைப் பேசுவதும், கடனைச் செய்ய வருபவரை உரிமையைக் காட்டி விலக்குவதும் ஒரே தன்மையான பிழைகள். இரண்டாவது கூடக் கொடியது.

சிதம்பரத்திலே நடந்ததாகச் சொல்லப்படும் வரலாறு இதற்குத் தக்க சான்று. பதினான்காம் நூற்றாண்டிலே வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் தில்லைவாழ் அந்தணர் மரபினர். மறைஞானசம்பந்தரைக் குருவாகக் கொண்டதனால் ஏனையோர் அவரை விலக்கிவைக்க, அவர் கொற்றவன்குடியிலே தங்கி வாழ்ந்தார். திருவிழாக் கொடியேற்றும் முறை அவருடையதாக வந்தபோது, அவரைத் தவிர்த்துவிட்டு வேறொருவர் ஏற்றப் புகுந்தார். கொடி ஏறவில்லை. பின்னர் உமாபதியாரை அழைத்துவர, அவர் கொடிக்கவி பாடக் கொடி தானே ஏறிற்று என்பர். மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கினுள் ஒன்றாக அச்சிறு நூல் வைத்தெண்ணப்படுகின்றது. உரிமை உமாபதியாருடையதாக இருந்ததால் கொடி நின்றது என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் அந்த வரலாற்றைத் தொடர்ந்து படித்தால், அவர் தமது முறை பறிபோயிற்றென்று வழக்காடச் செல்லவில்லை என்பது தெரியும். விறகு கொண்டுவந்து கொடுத்த பெற்றான் சாம்பான் என்னும் தாழ்த்தப்பட்ட குலத்து அடியாருக்குத் தீட்சை கொடுத்து முத்தி பெறச்செய்தவரும் அவரே. உள்ளேயிருந்து வெளியே தள்ளப்பட்டவர், வெளியே நின்றவரை உள்ளே எடுத்தார். நாட்டிலே நிலைத்த கொடியேற்ற வரலாறு இப்படிப்பட்ட ஒருவருடையதாக இருப்பது தற்செயல் என்று சொல்வதற்கில்லை.

வெளியே நின்றவர்களைப் பற்றிப் பேசாமல் திருவிழாவின் உரிமை பற்றிப் பேசுவது அரைப் பேச்சாகும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஈழத்துக் கோயில்கள் பலவற்றிலே ஒரு பகுதி மக்கள் வாசலுக்கு அப்பால் நிறுத்தப்பட்டிருந்தார்கள். அவர்களுக்கு ஆண்டு முழுவதிலும் கிடைத்த தரிசனம் சுவாமி வெளிவீதிக்கு வந்த நாட்களிலே கிடைத்த தரிசனம் மட்டுமே. அந்தத் தேருக்கு மரம் அறுத்தவர்களும், பறை முழக்கியவர்களும், பந்தலுக்கு வெள்ளை கட்டியவர்களும் அவர்களுள் இருந்தார்கள். தொழும்பு அவர்களுக்கு; மரியாதை வேறு சிலருக்கு. 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்து பதினோராண்டு கழிந்த பின்னரும் 1968இல் மாவிட்டபுரத்திலே கந்தசுவாமி கோயில் வாசலில் அடியார்கள் சத்தியாக்கிரகம் செய்யவேண்டியிருந்தது. திருவிழாக் காலத்திலேதான் அது நடந்தது என்பதை மறக்கலாகாது. காணும் உரிமைக்காக ஒருவர் வாசலிலே குந்தியிருக்க, நாளின் உரிமைக்காக மற்றவர் உள்ளே வரிசை பேசிக்கொண்டிருப்பது சைவ உலகத்துக்குப் பெருமை தருவதன்று.

போர்க்காலத்திலே இந்தக் கணக்குகளெல்லாம் குலைந்தன. 1990ஆம் ஆண்டிலே திருகோணமலை மாவட்டத்தின் எத்தனையோ ஊர்கள் ஒரே நாளில் வெறுமையாயின. 2006இல் சம்பூர் மக்கள் எழுந்து ஓடி, கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களிலே ஆண்டுக்கணக்காகத் தங்கினார்கள். சொந்த நிலத்திலே கால்வைக்க 2015வரை காத்திருந்தவர்கள் பலர். தகரக் கொட்டிலிலே இருப்பவர்களிடையே மூன்றாம் திருவிழாக்காரர் யார், ஏழாம் திருவிழாக்காரர் யார் என்பதற்கு என்ன பொருள்? ஊருக்குத் திரும்பியவர்கள் பற்றை வெட்டி, ஓடு விழுந்த கோயிலைக் கூட்டி, முதல் விளக்கை ஏற்றியபோது எவர் கையில் நெருப்புப்பெட்டி இருந்ததோ அவரே ஏற்றினார். அந்த நேரத்திலே எவரும் முறை கேட்கவில்லை. கோபுரம் எழுந்து, ஒலிபெருக்கி வந்து, வர்ண விளக்கும் சிகரமும் ஏறிய பின்னரே முறை நினைவுக்கு வருகின்றது. இதிலே சற்று வெட்கப்பட இடமுண்டு.

இப்போது புதிதாக ஒரு கேள்வி எழுந்துள்ளது. நாளுக்குரிய குடும்பத்தார் கனடாவிலோ இலண்டனிலோ இருக்கின்றார்கள். பணம் ஒழுங்காக வருகின்றது. சில கோயில்கள் அவர்களுடைய பணத்தாலேயே எழுந்து நிற்கின்றன. பனியிலே நின்று உழைத்த பணம் அது; அதனையும் தொழும்பென்றே கொள்ளவேண்டும், குறைத்துப் பேசுவது நன்றியில்லாத செயல். ஆனால் அன்றைய வாகனத்தைத் தூக்குவது அவர்களல்லர். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் தூக்குகின்றார்கள். மடைப்பள்ளியிலே புகைக்குள் நின்று பொங்குவது யாரோ ஒரு பெண்மணி. இவர்களுக்கு விஞ்ஞாபனத்திலே பெயரில்லை, காளாஞ்சியும் இல்லை. குடும்பத்தின் சார்பிலே கொழும்பிலிருந்து ஒருவர் வந்து அன்று மாலை மட்டும் முன்னால் நின்று வாங்கிக்கொண்டு போகின்றார். நாள் அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே இருக்கட்டும், அதிலே தவறில்லை. ஆனால் காளாஞ்சி அன்று தோள் கொடுத்தவருக்கும் பொங்கியவருக்கும் முதலில் போகவேண்டும் என்பதே கோணேசர் கல்வெட்டின் உட்கருத்துக்குப் பொருந்திய முறையாகத் தோன்றுகின்றது. பிள்ளைகள் தூக்க வருவது குறைந்துகொண்டே போகின்றது என்று பல ஊர்களிலே கவலைப்படுகின்றார்கள். குறையாமல் என்ன செய்யும்?

1950ஆம் ஆண்டிலே திருகோணமலையில் நகரசபையார் கோணேசர் மலைக்குச் சற்றுத் தொலைவிலே கிணறு வெட்டுவித்தபோது மண்ணுக்குள்ளிருந்து வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்பாள் என்று அடுத்தடுத்து எடுத்தார்கள். இடிப்பின்போது மறைக்கப்பட்டவை என்றே அறிஞர்களும் அடியார்களும் அவற்றைக் கொண்டனர். 1956இல் ஆதர் சீ. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலிலே மூழ்கிப் பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டறிந்தனர். மண்ணிலிருந்து வந்த திருமேனிகளுக்கு வைக்க அப்போது மலைமேல் கோயிலில்லை. கோயில் எழும்வரை அத்திருமேனிகளை ஊர்கள்தோறும் பவனியாக எடுத்துச் சென்றார்கள். கோயில் கட்டி முடிவதற்கு முன்னரே திருவிழா நடந்துவிட்டது என்று அதனைச் சொல்லவேண்டும். 1963ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3ஆம் திகதி கும்பாபிஷேகம் நிறைவேறியது. பங்குனி, சித்திரையில் இப்போது நடக்கும் மகோற்சவமும், சிவராத்திரியை அடுத்துப் பெருமான் நகருக்குள் எழுந்தருளும் பவனியும், தீர்த்தமும், தெப்பமும் அதன்பின் வளர்ந்தவை.

அந்தத் திருமேனிகளை மண்ணுக்குள் இறக்கி மூடியவர்கள் யார்? தானத்தாரா, வரிப்பத்தாரா, வேறு யாருமா? அவர்களுடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. மூன்று நூற்றாண்டுக்கு மேல் பிந்திவந்த திருவிழாவுக்கு முதல் உபயகாரர் அவர்களே.

விஞ்ஞாபனம் எழுதும் தர்மகர்த்தா சபையார் செய்யக்கூடிய சிறிய காரியமொன்று உண்டு, செலவும் அதிகமில்லை. நாளுக்கெதிரே உபயகாரர் பெயர் வழமைபோல வரட்டும். அதனோடு பூ எடுப்பவர், மாலை கட்டுபவர், மடைப்பள்ளியில் நிற்பவர், வாகனம் தூக்குபவர், வீதி கூட்டுபவர், மின்விளக்குக் கட்டுபவர், திருவிழா முடிந்தபின் பாத்திரம் துலக்குபவர் ஆகியோரின் நிரலும் வரட்டும். கோணேசர் கல்வெட்டிலே மன்னனோடு நெல்லுக் குற்றுவோருக்கும் இடமிருக்கின்றது. இன்றைய விஞ்ஞாபனங்களின் பின்பக்கம் பெரும்பாலும் எழுத்தில்லாமல் வெறுமையாகவே அச்சாகி வருகின்றது.